கோச்சி நாடகத்துக்கு நான் சொன்ன திருத்தங்கள்

ஜனவரி 8, செவ்வாய்

காலையில் ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, அவரைக்காய். சாயங்காலம் சீனி போடாத தேத்தண்ணி.

என்ன தின்கிறேன் என்று தினமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள், சர்க்கரை பார்க்கிற ஆஸ்பத்திரி நர்ஸம்மா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாவது வரைக்கும் படித்தவளுக்கு இந்த அளவு எழுதத் தெரியும். மருமகள் பரிமளா போன வருஷத்து டைரி ஒன்றைக் கொடுத்தாள். கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

இன்றைக்குக் காலனிக்கு நாடகக்காரர்கள் வந்தார்கள். கோயம்புத்தூர் ஆட்கள். மேகலா என்கிற பெண்தான் அவர்களுக்குத் தலைவி. முப்பது வயசு இருக்கும், முடியை ஆம்பளை மாதிரி வெட்டியிருக்கிறாள். அவளுடைய தாத்தாவும் எங்களைப் போல சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவராம். நாங்கள் கோச்சி ஏறி வந்த கதையை நாடகமாகப் போடப் போகிறாளாம். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். ரெண்டு மாதம் எங்கள் சமுதாயக் கூடத்தில் ஆடிப் பழகிவிட்டு, மார்ச்சில் நாங்கள் கோச்சி ஏறின ஹட்டனுக்கே கொண்டுபோய் ஆடப் போகிறார்கள்.

யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டாள். காலனி முழுக்க என்னைக் கைகாட்டியது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் நின்று சொன்னார்கள் என்று சொல்வேன். அதனால் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.

ஹட்டன் ஜனங்கள் இதைப் பார்ப்பார்களா என்று கேட்டேன். அவர்களுக்காகத்தான் போடுகிறோம் என்றாள். அப்படியானால் சொல்கிறேன் என்றேன். என் அக்கா அங்கம்மா செய்தது அந்த ஊருக்குத் தெரியட்டும். அவள் செத்துப் பதிமூணு வருஷம் ஆகிறது. செத்துப்போனால் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா.

ஜனவரி 11, வெள்ளி

கோதுமை ரொட்டி ரெண்டு. பரிமளா சம்பலில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள். கேட்டால் எனக்கு நாக்கு செத்துவிட்டதாம்.

மேகலாவுக்குக் கதை சொன்னேன். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த ஒரு பொம்பளையின் கதை என்றுதான் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பொம்பளை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். தாய்வீடும் தோட்டம்தான். அங்கே அவளுடைய அக்கா பேர் பதிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பேர் பதிந்தவளுக்குத்தான் பிள்ளை பெற்றால் தோட்டத்தில் அரிசியும் காசும் கொடுப்பார்கள். புதுசாகக் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போனவளுக்கு இன்னும் பேர் பதியவில்லை. அதனால் பிள்ளையை அக்கா பெற்றதாக எழுதிவிட்டார்கள். எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். அந்த அரிசியில்தான் பிள்ளை பெற்றவளுக்கும் கஞ்சி. மூணு மாசம் கழித்து அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு, ரெண்டு நாட்டுப் பெரிய ஆட்களும் முன்னமே போட்ட கையெழுத்துப்படி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்தார்கள். அக்கா குடும்பம் சிலோன் பக்கம் விழுந்தது. தங்கச்சி குடும்பம் இந்தியா பக்கம் விழுந்தது. பிள்ளைக்கு நாலு வயசு. கடுதாசிப்படி அது அக்கா பிள்ளை. பொய்யாக எழுதினோம் என்று அக்கா கையெழுத்துப் போட்டிருந்தால் பிள்ளை தாயோடு வந்திருக்கும். அக்கா போடவில்லை. அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை, ரெண்டு தடவை குறைமாசத்தில் போய்விட்டது. இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டாள்.

மேகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் நாடகத்தின் நடுக்கதை என்றாள்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். நர்ஸம்மாவுக்கு: ஒரு கரண்டிதான் தின்றேன். ரெண்டு கரண்டி என்று பரிமளா சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜனவரி 20, ஞாயிறு

கேழ்வரகுக் கூழ்.

ஹட்டனில் சொந்தக்காரர் இருந்தால் பேர் கொடுங்கள், முன்வரிசையில் உட்கார வைக்கிறோம் என்றாள் மேகலா. ட்ரங்குப் பெட்டியில் இருந்த கடுதாசியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கம்மா செத்ததற்கு அவள் மகள் இந்திராணி போட்ட கடுதாசி. “அன்புள்ள சித்திக்கு” என்று ஆரம்பிக்கிறது. பதில் போடவில்லை. அதற்கு முன்னால் அங்கம்மா போட்ட பதினேழு கடுதாசிக்கும் பதில் போடவில்லை.

இந்திராணிக்கு இப்போது நாற்பத்தொன்பது வயசு. ஆவணியில் ஐம்பது ஆகும். அவள் இந்த நாடகத்தைப் பார்க்க வேண்டும். யார் தப்பு என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அது யார் என்று மேகலா கேட்டாள். அக்கா மகள் என்றேன்.

ஜனவரி 27, ஞாயிறு

இட்லி மூணு. நடந்ததை நினைத்த கோபத்தில் கூட ஒன்று தின்றுவிட்டேன்.

இன்றைக்குத்தான் ஆடிப் பழகுவதைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போனால், எல்லோருக்கும் முகத்தில் கரி. சாக்கைக் கிழித்து மேலே சுற்றியிருக்கிறார்கள். ரோஸ்லின் என்கிற பெண்தான் அந்தப் பொம்பளையாக நடிக்கிறாள். லட்சணமான பிள்ளை. அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறார்கள்.

“நாங்க என்ன, கரி மூட்ட தூக்கவா போனோம்?” என்று கேட்டேன்.

பார்க்கிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் தெரிய வேண்டும், அதற்காகத்தான் என்றாள் மேகலா.

இந்தியாவுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு யாராவது கிழிசலைக் கட்டிக்கொண்டு போவார்களா? ஹட்டன் கடைவீதியில் நைலக்ஸ் சேலை எடுத்தோம். ஸ்டூடியோவில் படம் பிடித்தோம். ஆம்பளைகள் கால்சட்டை தைத்தார்கள். பவுடர் போட்டு, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் ஸ்டேஷனுக்குப் போனோம். போட்டிருந்தது புதுசு, உள்ளே ஈரல் வெந்துகொண்டிருந்தது.

“புதுச் சேல கட்டுனவளுக்கு வயிறு எரியாதா? அழுக்கா இருந்தாத்தான் அகதியா?”

ரோஸ்லின் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். என் சேலை ஊதாவில் வெள்ளைப் புள்ளி போட்டது, அப்படியொன்று தேடு என்று சொன்னேன். அந்தப் பொம்பளையின் சேலையைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

கோதுமைக் கஞ்சி.

புகை விடுகிற மாதிரி நாலு பையன்கள் குப்புகுப்பென்று ஊதினார்கள். அது டீசல் கோச்சி, புகைக்கோச்சி எல்லாம் முன்னமே போய்விட்டது என்றேன். திருத்திக்கொண்டார்கள். இப்போது அவர்கள் நான் எப்போது வாய் திறப்பேன் என்று பயந்துகொண்டே ஆடுகிறார்கள். பாவமாகத்தான் இருக்கிறது.

அக்காவாக மேகலாவே நடிக்கிறாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கையெழுத்துப் போட மாட்டேன் போடி என்று கூடம் அதிரக் கத்தினாள். கூட்டத்தில் யாரோ, அடிப்பாவி, என்றார்கள்.

நான் நினைத்தபடிதான் நடந்தது. ஆனால் அங்கம்மா அப்படிக் கத்துகிறவள் இல்லை. அவள் பேசினால் பக்கத்தில் நிற்கிறவளுக்கே கேட்காது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளுக்கும் சேர்த்து நான்தான் கணக்கப்பிள்ளையோடு சண்டை போடுவேன்.

“அவ அப்பிடி நிக்க மாட்டா” என்று சொல்லிவிட்டேன்.

எப்படி நிற்பாள் என்று கேட்டாள். நாலு வயசுப் பிள்ளையானாலும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பாள் என்றேன். மேகலா ஒரு துணி மூட்டையை இடுப்பில் வைத்துச் சாய்ந்தாள். எந்த இடத்தில் அப்படி நின்றாள் என்று கேட்டாள். கண்டியில் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில், மழை பெய்துகொண்டிருந்தது, முந்தானையால் பிள்ளை தலையை மூடியிருந்தாள் என்று சொன்னேன்.

மேகலா மூட்டையைக் கீழே வைத்தாள்.

“கையெழுத்துப் போட மாட்டேன்னவங்க எதுக்குங்க பாட்டி கண்டி ஆபீஸ் வரைக்கும் வந்தாங்க?”

உலை வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, புதன்

ரொட்டி ரெண்டு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். கூடத்துக்குப் போகவில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

சோறு, கீரை.

மேகலா மூணு தடவை வந்துவிட்டுப் போனாளாம். தூங்குகிறேன் என்று பரிமளாவைச் சொல்லச் சொன்னேன். “எத்தன நாளைக்கு அத்தை தூங்குவீங்க?” என்கிறாள். அவளுடைய கல்யாணத்தன்று அவள் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடாதது எனக்கு மறக்கவில்லை. அந்த வாய்தான் இது.

கண்டியில் நடந்தது இது. அந்த ஆபீஸில் இருந்த ஆள், தோட்டத்தில் எழுதினது பொய் என்று கோர்ட்டில் சத்தியம் செய்ய வேண்டும், ஒரு வருஷம் ஆகும், மேலேயும் ஆகும் என்றான். பொய் சொன்னதற்கு வேலையிலிருந்து நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்றான். அக்காவின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வாசலுக்கு வந்து, அந்த மழையில், “ஒரு வருஷம் பொறுடி. வேல போனாப் போவுது. நா வந்து சத்தியம் பண்றேன்” என்றாள்.

அந்தப் பொம்பளைதான் பொறுக்கவில்லை. லயத்துக் காம்பராவைக் காலி செய்ய நாள் குறித்துவிட்டார்கள். அரிசிக் கார்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வயிற்றில் அடுத்தது ஆறு மாசம். போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று புருஷன் சொன்னார். சரி என்று அவள்தான் தலையாட்டினாள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

ஒரு வருஷம். எங்காவது மாட்டுக் கொட்டகையில் கிடந்திருக்கலாம்.

பிப்ரவரி 17, ஞாயிறு

நர்ஸம்மாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டப் போவதில்லை.

இன்றைக்கு ஸ்டேஷன் காட்சி. காலனிப் பொம்பளைகள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பரிமளாவும் வந்திருந்தாள். நானும் போனேன். மேகலா என்னைப் பார்த்துவிட்டு நாற்காலி போட்டாள்.

இரவல் சேலையில் ரோஸ்லின் கோச்சிக்குள் நின்றாள். வண்டி நகர்ந்ததும், ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டு, ரெண்டு கையையும் நீட்டி, மகளே மகளே என்று அழுதாள். நன்றாகத்தான் அழுதாள். கூடமே அழுதது. பரிமளா மூக்கைச் சிந்தினாள். அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்றே அங்கே பேர். கப்பல் ஏறுகிற தலைமன்னார் வரைக்கும் பெட்டிக்குப் பெட்டி ஒப்பாரி. இவர்கள் போட்டது தப்பில்லை. ஒரு பொம்பளையைத் தவிர எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான் அழுதார்கள்.

இதை இந்திராணி முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஸ்டேஷனில் நின்றவள்.

நான் எழுந்துவிட்டேன். “அவ அழுவல” என்றேன்.

ரோஸ்லின் நின்றுவிட்டாள். அழாமல் எப்படி இருந்திருப்பாள் என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். மேகலா அவளை அடக்கிவிட்டு, என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னாள். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. அவர்கள் பலகையில் செய்து வைத்திருந்த கோச்சிக்குள் போய் ரோஸ்லின் நின்ற இடத்தில் நின்றுகொண்டேன்.

பிள்ளைக்கும் புதுக் கவுன் தைத்திருந்தது. எல்லோருக்கும் புதுசு என்பதால் தானும் போகிறோம் என்று அது நினைத்துக்கொண்டது. ஸ்டேஷன் வரைக்கும் பாடிக்கொண்டு வந்தது. நாங்கள் ஏறியதும் அக்கா அதை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டினாள், ஒரு முத்தம் கொடுக்கட்டும் என்று. அது முத்தத்துக்கு வரவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னையும் ஏத்து என்றது.

“விரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டேன்” என்றேன். “ஜன்னல் சட்டர எறக்கிட்டேன்.”

வண்டி எப்போது கிளம்பியது என்று மேகலா மெதுவாகக் கேட்டாள்.

“உடனே கெளம்பல. அப்புறமும் கால்மணி நேரம் நின்னுச்சு. வெளிய இருந்து அது தட்டிக்கிட்டே இருந்துச்சு. நா தெறக்கல.”

நான் என்று சொல்லிவிட்டேன் என்பது வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் தெரிந்தது.

பரிமளா என் கூடவே நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, “அவருக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு தெரியுமா அத்தை?” என்று கேட்டாள். என் மகன் நடராசனைத்தான் கேட்கிறாள். கோச்சியில் என் வயிற்றில் இருந்தவன் அவன். தெரியாது என்றேன். இவனுக்காகத்தான் அவளை விட்டேன் என்று இவனிடம் எந்த வாயால் சொல்வது.

பிப்ரவரி 18, திங்கள்

நடராசனிடம் பரிமளா சொல்லிவிட்டாள். அவன் காலையில் தேயிலை ஃபாக்டரிக்குப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து, “அவங்க பேரு என்னம்மா?” என்று மட்டும் கேட்டான். சொன்னேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

ரொட்டி ஒன்று. வேறு இறங்கவில்லை.

மேகலா வீட்டுக்கு வந்தாள். சட்டரை இறக்குகிற மாதிரியே காட்சியை மாற்றியிருக்கிறாளாம். அக்கா கத்துகிறதை எடுத்துவிட்டு, மழையில் நின்று பேசுகிறதைப் போட்டிருக்கிறாளாம். வேண்டாமென்று நான் சொன்னால் பழையபடியே ஆடிவிடுவதாகச் சொன்னாள். நாற்பத்தைந்து வருஷமாக அங்கம்மாவைத் திட்டித்தான் நான் சோறு தின்றேன். அந்தத் திட்டும் இல்லாவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன்.

பழையதை ஆடினால் இந்திராணி என்னைப் பொய்க்காரி என்பாள். புதுசை ஆடினால் என்ன சொல்வாள் என்று தெரியாது. நடந்ததை ஆடு என்றேன். யார் சொன்னது என்று அவள் கேட்டால் என் பேரைச் சொல்லலாம் என்றேன்.

நாலு வயசுப் பிள்ளைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று என் புருஷன் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஞாபகம் அதிகமாக இருந்தால் அது என்னிடமிருந்து போனது.

மார்ச் 2, சனி

நாடகக்காரர்கள் கிளம்பினார்கள். ரோஸ்லின் என் காலில் விழுந்தாள். ஊதாச் சேலை கிடைக்காமல் பச்சையில் எடுத்திருக்கிறார்கள். அது பரவாயில்லை.

மார்ச் 9, சனி

இன்றைக்கு ஹட்டனில் நாடகம். துவைக்கிறதற்கு நிறையக் கிடந்தது. துவைத்ததையே மறுபடி துவைக்கிறீர்கள் என்று சொல்லிப் பரிமளா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

பத்து மணிக்கு மேகலா போன் செய்தாள். நடராசன் போனை என் காதில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

இந்திராணி வந்தாளாம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாளாம். முன்வரிசையில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று கதவோரமாக உட்கார்ந்தாளாம். ஸ்டேஷன் காட்சியில் மண்டபத்தில் நிறையப் பேர் அழுதார்களாம். இவள் அழவில்லையாம். முடிந்ததும் உள்ளே வந்து, எங்கள் அம்மாவை நல்லபடியாகக் காட்டினீர்கள், அது போதும் என்றாளாம். அங்கம்மாவைச் சொல்கிறாள்.

நான் சொல்லித்தான் காட்சியை மாற்றியதாக மேகலா அவளிடம் சொன்னாளாம். தெரியும் என்றாளாம். சித்தியைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது, தட்டினது நான்தானே என்றாளாம்.

வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன். மேகலா சொல்லத் தயங்கினாள். சொல்லு என்று அதட்டினேன்.

“நெசம் இதுதான்னு எனக்கும் தெரியும்னாங்க பாட்டி. ஆனா நாடகந்தானே, இதுலயாவது அந்தப் பொம்பளய அழ வச்சிருக்கலாமேன்னு கேட்டாங்க.”

அதைச் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாளாம்.

மார்ச் 11, திங்கள்

கஞ்சி.

மார்ச் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். போகவில்லை.

நடராசனிடம் சொல்லி மேகலாவுக்குப் போன் போடச் சொன்னேன். அவர்கள் இன்னும் ஹட்டனில்தான் இருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் கேட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை ஆடுகிறார்களாம். இந்திராணிக்கு ஆள் அனுப்பிச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நேரிலேயே போய்ச் சொல்கிறேன் என்றாள். வருவாளோ மாட்டாளோ.

“சட்டர எறக்குனதும் ரோஸ்லின் உள்ள நின்னு அழட்டும்” என்றேன். “வெளிய நின்னு தட்டுறவளுக்குக் கேக்குற மாதிரி, நல்லாச் சத்தமா அழட்டும்.”

“அப்பிடியா பாட்டி நடந்துச்சு?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன். “நீ அப்பிடிப் போடு.”